மூர்ச்சைக்குக் கூலி

சென்ற வாரம் நம் வகுப்பில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. மாணவி ஒருத்தியின் கணக்கு நோட்டுக்குள் ஒரு பாடகரின் படம் இருந்தது. நாம் அதைப் பறித்து, வகுப்பு முழுவதற்கும் காட்டி, "இந்தக் கணக்குக்கு விடை என்ன?" என்று கேட்டோம். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஹாலிவுட் படத்தைப் பார்த்த பிறகு, நமக்கும் அந்தச் சிரிப்பு கசந்துவிட்டது.

படத்தின் பெயர் 'அவுட் ஆஃப் திஸ் வோர்ல்டு'. ஹால் வாக்கர் டைரக்ட் செய்து, பாரமவுண்ட் கம்பெனியார் 1945-ல், யுத்தம் முற்றும் ஓயாத வேளையில் வெளியிட்ட சங்கீத ஹாஸ்யப் படம். எட்டி பிராக்கன் ஒரு தந்திச் சேவகன். மேடையில் அவன் வாயைத் திறந்ததும் இளம் பெண்கள் மூர்ச்சை போட்டு விழுகிறார்கள். அப்படி விழுவதற்குக் கூலியும் உண்டு! பெண்கள் வாத்திய கோஷ்டியை நடத்தும் டயானா லின், பணமுடையினால் பையனின் வருங்கால வருமானத்தைப் பங்கு பங்காக விற்கிறாள். விற்ற பங்குகளைக் கூட்டினால் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது.

பிராக்கனின் குரலோ இரவல் குரல். பாடுகிறவர் பிங் கிராஸ்பி. கிராஸ்பியின் புதல்வர்கள் நால்வரும் படத்தில் தோன்றி, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று விழிப்பது நல்ல தமாஷ். ஹெரால்டு ஆர்லன் மெட்டமைத்து, ஜானி மெர்சர் இயற்றிய தலைப்புப் பாட்டு இன்றும் காதுக்கு இனிமை.

இந்தக் கூலி மூர்ச்சை வெறும் கற்பனை அல்ல. பிராங்க் சினாட்ராவின் விளம்பரக்காரரான ஜார்ஜ் ஈவன்ஸ், கச்சேரியில் கூச்சலிடுவதற்குச் சில பெண்களை அமர்த்தியது பிரசித்தம். ஆனால் கூலி பெற்றவர்கள் சிலரே. 1944 அக்டோபர் 12-ஆம் தேதி, விடுமுறை நாளில், நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டர் வாசலில் ஆயிரக் கணக்கான பெண்கள் கூடினார்களே, அவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? உள்ளே இடமோ சுமார் 3,600 பேருக்குத்தான். ஒரு டிக்கெட்டில் அடுத்தடுத்த காட்சிகளையும் பார்க்கலாம் என்பதால், முதலில் நுழைந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. வெளியே நின்றவர்களைச் சமாளிக்கப் போலீஸ் படை வரவேண்டியதாயிற்று.

கணுக்கால் வரை காலுறை அணிந்த அந்தப் பெண்களுக்கு 'பாபி சாக்ஸர்' என்று பட்டம் சூட்டினார்கள். பைத்தியம் என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய தமையன்மாரும் தோழர்களும் கடல் கடந்து போர்முனையில் இருந்தார்கள். தகப்பனார் பட்டாளத்திலும், தாயார் ஆயுதத் தொழிற்சாலையிலுமாக இருந்த வீடுகள் பல. அத்தகைய நாளில் ஒரு மெல்லிய குரல் தனக்கென்றே பாடுவதுபோல் ஒரு பெண்ணுக்குத் தோன்றினால், அதில் பைத்தியம் என்ன இருக்கிறது?

படத்தில் நாம் காணும் குறை இதுதான். பங்கு விற்றவளுக்குக் கதை உண்டு. பாடுகிறவனுக்கும் கதை உண்டு. மயங்கி விழும் பெண்களோ பெரும்பாலும் சிரிப்பு மூட்டுவதற்கே பயன்படுகிறார்கள். பாட்டில் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கப் படத்துக்கு அவகாசம் இல்லை. நூற்றுக்கு நூறுக்கு மேல் விற்றது பெரியவர்களின் கணக்கு. அசடு என்ற பெயர் மட்டும் குழந்தைகளுக்கு!

நாம் வகுப்பில் செய்ததும் வேறு என்ன? மறுநாள் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்து, "இவர் பாடியதில் உனக்குப் பிடித்த பாட்டு எது, அம்மா?" என்று கேட்டோம். பதில் வரவில்லை. கேலி செய்த வாத்தியாரிடம் மனம் திறக்க அவ்வளவு சீக்கிரம் முடியுமா? காத்திருக்கிறோம்.