மண்ணணை வீடும் 'பக்கா' மயக்கமும்

அயற்சொல் ஒரு மொழிக்குள் தனியே வருவதில்லை. அது தன் மதிப்பீட்டையும் கூடவே அழைத்து வந்து குடியேற்றிவிடும். இண்டூர் வட்டாரத்தில் இன்று வீடு கட்டப் புகும் எவரை வினவினும், 'பக்காவாக ஒன்று கட்டிவிட வேண்டும்' என்பதே விடையாக இருக்கிறது. 'பக்கா' இந்திச் சொல். வெந்தது, பழுத்தது என்பது அதன் பொருள். அதற்கு மறுதலை 'கச்சா'. அதாவது வேகாதது, காயானது. சுட்ட செங்கல்லும் கற்காரையும் பக்காவாம், மண்சுவர் கச்சாவாம். வடவர் செய்து வைத்த இவ்விரு பெட்டிகளுக்குள்தான் நடுவணரசின் வீட்டுக் கணக்குகள் நம் இல்லங்களை அடைத்து வைத்துள்ளன. கணக்கெடுப்பவன் எழுதிக்கொண்டு போய்விடுகிறான். மண்வீட்டில் இருப்பவனோ அன்று முதல் தன் வீட்டைப் பற்றி நாணத் தொடங்குகிறான்.

2016-இல் நடுவணரசு தொடங்கிய வீட்டுத் திட்டத்தின் பெயர் 'பிரதான் மந்திரி ஆவாசு யோசனா'. இதில் ஒரு சொல்லேனும் தமிழ்ச்சொல் உண்டா? அத்திட்டம் தருவதும் 'பக்கா' வீடே. உள்ளூர்ப் பொருள்களைப் பயன்கொள்ளலாம் என்று அதன் விதிமுறையில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் தவணைப் பணத்தை எதிர்நோக்கிக் கடன்பட்டு நிற்கும் ஏழை, அந்த ஒரு வரியை நம்பி மண்ணில் கைவைப்பானா? தமிழ்நாட்டரசும் வேறு வழி செல்லவில்லை. 2024-இல் 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தை வகுத்தபோது, வீடொன்றுக்கு 3.5 இலக்கம் உருபா ஒதுக்கி, 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கம்பியிட்ட கற்காரைக் கூரை வேண்டும் என்றது. பெயர் தமிழாயிற்று, உள்ளீடு அதே பக்காதான்.

குடிசை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. கூரை தீப்பற்றி உடைமையெல்லாம் இழந்தவனிடம் போய் மண்ணின் மாண்பு பேசுவது கொடுமை. ஆனால் குடிசைக்கு மாற்றுக் கற்காரைப் பெட்டி ஒன்றே என்று முடிவு செய்தவர் யார்? சித்திரை வைகாசியில் அப்பெட்டிக்குள் ஓரிரவு படுத்துப் பார்த்தவர் அம்முடிவைச் செய்திருக்கமாட்டார். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, ஞாயிறு மறைந்தபின் அதனை உள்ளே கக்குகிறது. மின்விசிறி அவ்வெப்பக் காற்றையே சுழற்றித் தருகிறது.

மேட்டுச் சரிவில் மூன்று நான்கடி அகழ்ந்து, அகழ்ந்த மண்ணையே மூன்று புறச் சுவர்களுக்கு வெளியே அணைத்து, ஒருபுறம் மட்டும் வாயிலும் காலதருமாகத் திறந்துவிட்ட வீட்டை எண்ணிப் பாருங்கள். இதற்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரை நாம் கடன் வாங்க வேண்டா. 'மண்ணணை வீடு' என்போம். அணை என்பதற்குத் தழுவல் என்றும் கரை என்றும் பொருள் உண்டு. இரண்டும் இங்குப் பொருந்தும்.

இது மேலைநாட்டார் புதிதாகக் கண்ட கோலம் என்று நினைப்பவர், நம் தகடூர் நாட்டுக்கு வடகிழக்கே திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியைப் பார்க்க. 1964-65-லும் 1967-68-லும் அங்கு நடுவண் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்கள் நிலத்தைக் குழிந்து வாழ்ந்த குழிவீடுகள் வெளிப்பட்டன. வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குழிகள். அவற்றைச் சூழக் கூரைதாங்கும் கம்பங்கள் நட்ட பள்ளங்கள். அவர்கள் உண்ட கொள்ளும் பச்சைப்பயறும் கரிந்த நிலையில் கிடைத்தன. கொள்ளு இன்றும் நம் மேட்டுநிலத்துப் பயிர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதனை விளைத்தவன் நிலத்துள் ஒண்டியது அறியாமையால் அன்று. வெயிலும் காற்றும் தாக்காத இடம் எதுவென அறிந்ததால். மைசூர் மேட்டுநிலத்தில் அண்மைக்காலம் வரை கேழ்வரகை நிலக்குழியில் கொட்டி மூடிப் பல்லாண்டு கெடாமல் காத்ததும் இதே அறிவுதான்.

அறிவியல் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிது. மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்லக் கடத்தும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு ஓரிரண்டு அடி ஆழத்திலேயே பெரிதும் தேய்ந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டடி ஆழத்தில் கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடும் மிகச் சுருங்கி, ஆண்டின் நிரல் வெப்பத்தை ஒட்டியே மண் நிற்கிறது. மேலே வெயில் 38 பாகையைத் தாண்டும் நாளில் கீழே மண் அதனினும் பத்துப் பாகையளவு தாழ்ந்திருப்பது இதனால்தான். சீனத்து வடபுல வண்டல் மேடுகளிலும், துனீசியாவின் மத்மாத்தாவிலும், ஆத்திரேலியாவின் கூபர் பீடியிலும் மக்கள் நிலத்தைக் குடைந்து வாழ்வது இவ்வியல்பை நம்பியே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்நாட்டு நிலங்கள் வறண்டவை. நமக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதிலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது உண்டு. முழுதும் நிலத்தடியில் புகுந்தால் வீடு கிணறாகும். ஆகவே நமக்கேற்றது பாதி அகழ்ந்து பாதி அணைப்பதே. தாழ்ந்த நிலத்தையும் ஏரிப்புறத்தையும் நினைக்கவே வேண்டா. சரிவின் மேற்புறத்தில் மழைநீரை மறித்துப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால் முதலில். வானம் தோண்டுவது அதற்குப் பின்னர்தான். அணைக்கும் மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஓரடி அகலம் சரளை நிரப்பி, அடியில் நீர் வடிய வழிவிட வேண்டும். இதில் கைச்சிக்கனம் பிடித்தவன் வீட்டில் முதல் மழைக்காலத்திலேயே சுவர் வியர்க்கும்.

மண் அணையும் சுவரைக் கருங்கல்லால் எழுப்புவது நன்று. நம் வட்டாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. முகப்புக்கும் உட்சுவர்களுக்கும் அகழ்ந்த செம்மண்ணையே அழுத்திக் கல்லாக்கலாம். இலை தழை மக்கிய மேல்மண்ணை விலக்கி, அடிமண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி இட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் அடியிலும் அதன்மேல் வண்டலும் மேலே களியுமாகப் படிந்து, மண்ணே தன் கணக்கைக் காட்டும். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு என்ற அளவை ஒட்டி இருந்தால் நன்மண். 5 விழுக்காடு பைஞ்சுதை, அதாவது சிமெண்டு, கலந்து பொறியில் அழுத்தினால் சூளையும் விறகும் இன்றி உறுதியான கல் கிடைக்கும். புதுவையை அடுத்த ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டட நிறுவனம் இக்கல்லால் பல கட்டடங்களை எழுப்பிக் காட்டியுள்ளது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த இலாரி பேக்கர், ஏழைக்கு உகந்த கட்டடப்பொருள் மண் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். அயலார் வந்து நம் மண்ணின் அருமையை நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கூரைமேலும் மண் பரப்ப விழைவோர் பொறியாளரைக் கேளாமல் செய்யலாகாது. நனைந்த மண் ஓரடி கனம் இருப்பினும் சதுர அடிக்கு 50 கிலோவுக்கு மேல் எடை ஏறும். பொதுவான மேல்தளம் இதற்கெனக் கட்டப்படுவதில்லை. முதற்படியாகச் சுவரை மட்டும் அணைத்து, கூரைக்கு ஓடு வேய்வதே போதும். காற்றோட்டத்தை மறக்கலாகாது. கருங்கல் நிலத்தில் இரேடான் என்னும் தீங்கான வளி கசிவதுண்டு. எதிரெதிரே காலதர் இருப்பின் அது தங்காது. பாம்பு தேள் அச்சம் பலர்க்கும் உண்டு. அணைப்பு மேட்டில் புதர் மண்டவிடாமல் புல் வளர்த்துப் பேணுவதும், வளைகளை அவ்வப்போது அடைப்பதுமே அதற்கு மருந்து.

எல்லாவற்றினும் நாம் எண்ண வேண்டியது பணம் போகும் திசை. கற்காரை வீட்டில் இண்டூர் உழவன் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு, கம்பியும் பைஞ்சுதையும் ஆக்கும் பெருமுதலாளியிடம் போய்ச் சேருகிறது. மண்ணணை வீட்டில் பெருஞ்செலவு கூலியே. அகழ்பவன், கல் உடைப்பவன், சுவர் எழுப்பும் கொத்தனார், மண் மிதிக்கும் பெண்கள் எல்லாரும் இவ்வூராரே. இன்று வேலைதேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவோர் அவர்களின் பிள்ளைகள்தாம். மண்ணின் பதத்தைக் கையால் பிசைந்தே அறியும் முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பின் கேட்டறிய ஆளிருக்காது.

எனவே தமிழ்நாட்டரசிடம் நாம் கேட்பது இரண்டு. வீட்டுத் திட்ட விதிகளில் கற்காரைக் கூரை என்ற கட்டாயத்தை நீக்கி, பொறியாளர் சான்றளித்த மண்ணணை வீட்டுக்கும் அதே தொகையை அதே தவணைகளில் வழங்குக. நல்லம்பள்ளி வட்டத்தில், இண்டூரை ஒட்டிய மேட்டுப் புறம்போக்கில், பத்து வீடுகளை முதலில் அரசே கட்டி, ஈராண்டுக் கோடையும் மழையும் கண்டு, உள்வெப்பத்தையும் சுவரீரத்தையும் நாள்தோறும் அளந்து ஊர்மன்றத்தில் தமிழில் வெளியிடுக. அப்பத்து வீடுகளின் பதிவேட்டில் 'பக்கா', 'கச்சா' என்ற கட்டங்கள் இருத்தலாகாது.