மணிக்கட்டும் விரல்களும்

கொத்மலைத் தோட்டங்களிலே லயத்து முற்றம்தான் பிள்ளைகளின் மைதானம். அடித்த பந்து தேயிலைக்குள் விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அந்த முற்றங்களுக்கெல்லாம் பழக்கமான பெயர் முத்தையா முரளிதரன். 1920இல் தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்த ஒருவரின் பேரன். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியவர். இந்த மனிதரை விளையாட்டுப் பக்கங்கள் என்ன பாடுபடுத்தின?

1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹேர் அவரது பந்துவீச்சை எறிதல் என்று ஏழு தடவை அறிவித்தார். நடுவர் தீர்ப்பை வாதிட்டுத் தீர்க்கலாம். அதன்பின் எழுந்த எழுத்தையல்லவா பார்க்க வேண்டும்! அவரது முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது. அது மருத்துவ உண்மை. ஆனால் அந்த ஓர் உண்மையே அவருடைய திறமை முழுவதற்கும் விளக்கமாகிவிட்டது. ஷேன் வார்னின் மணிக்கட்டு என்றால் 'கலை'. முரளியின் மணிக்கட்டு என்றால் 'விசித்திரம்'. வெள்ளையன் பயின்று பெறுகிறான், கறுத்தவன் பிறக்கும்போதே கொண்டுவருகிறான் என்பதுதானே இதன் பொருள்? 2004இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவார்டே அவரை எறிகிறவர் என்றார். ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்று ஆய்வு காட்டியது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று வரம்பு திருத்தப்பட்டது. அப்போதும் 'முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள்' என்ற முணுமுணுப்பு ஓயவில்லை.

அந்நியனைத் திட்டிவிட்டுக் கைகழுவ நமக்கு உரிமையில்லை. கொழும்பு அவருக்கு 'இன ஒற்றுமையின் சின்னம்' என்று முடிசூட்டியது. 1977 வன்செயலில் அவருடைய தந்தையின் தொழிற்சாலை எரிக்கப்பட்டதை அந்த முடி மறைத்தது. 1948இன் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்கு முன்பே அவர் இந்நாட்டுக்காக 400 விக்கெட்டுகளைத் தாண்டியிருந்தார்! தமிழகமோ 2020இல், '800' திரைப்படத்தை முன்னிட்டு, அவரைத் துரோகி என்று முடித்தது. விஜய் சேதுபதி படத்திலிருந்து விலகினார். அவருடைய அரசியலைக் கண்டிக்க நமக்கும் காரணங்கள் உண்டு. எனினும் அந்த ஆரவாரத்தில் மலையகத்தின் தனி வரலாற்றைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

பெண்ணின் கதி இன்னும் கேவலம். வடக்கின் தர்ஜினி சிவலிங்கம், 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற அணியின் தூண். அவரைப் பற்றிய செய்தி அவரது உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடிகிறது. மலையகப் பெண்ணுக்கு அந்தச் செய்தியும் இல்லை. கிரிக்கெட் அணியின் சட்டையில் டில்மா தேயிலையின் பெயர் ஒளிர்ந்த காலம் உண்டு. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவள் விளம்பரப் படத்திலே, கூடையோடு, சிரித்தபடி நின்றாள். அவளுடைய விரல்களும் 'இயல்பிலேயே' மென்மையானவையாம், கொழுந்துக்கென்றே அமைந்தவையாம்! பிறவியில் வந்ததற்குக் கூலி எதற்கு என்று கேட்கத் துரைமாருக்கு இது எவ்வளவு வசதி!

ஆசிரியத் தோழர்களே, நாளைக்கு வகுப்பில் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வையுங்கள். 'உழைப்பு' என்ற சொல் யார் பெயரோடு வருகிறது, 'பிறவி' என்ற சொல் யார் பெயரோடு வருகிறது என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள்.