உறங்கும் பிள்ளையின் முகம் யாருடைய சொத்து?

எதிராளிக்கு அறிவித்தல் கொடாமல் வழக்கை விளங்குவது நீதியாகாது. காணி வழக்கில் ஒருமுறை அகப்பட்ட எந்தக் கமக்காரரும் இதனை நமக்கே கற்பிப்பார். ஆனால் நகரத்து வீதியோரத்தில், இரவு வேளையில், தெருவிளக்கின் மங்கலொளியில் பூ விற்கும் பிள்ளையையும் படுத்துறங்கும் பிள்ளையையும் அதற்குத் தெரியாமலே படம் பிடித்து, கலையென்று காட்சிக்கு வைக்கும் கனவான்கள் இந்தச் சிறு நீதியையும் ஏற்பதில்லை. பொது வீதியில் இருப்பவரை எவரும் படம் பிடிக்கலாம் என்கின்றனர். அவ்வாதத்தை நாம் மறுக்கின்றோம்.

இக்கலையின் பூர்வீகத்தைச் சற்று நோக்குவோம். டென்மார்க்கிற் பிறந்த ஜேக்கப் றீஸ், நியூயோர்க்கிற் பொலீஸ் செய்தியாளராய் இருந்தவர். மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருளிலும் படம் எடுக்கலாமென்ற செய்தி 1887 இல் ஜேர்மனியிலிருந்து வந்ததும், அப்பொடியுடன் சேரிச் சந்துகளுட் புகுந்தார். வீடற்ற சிறுவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடப்பதை எடுத்தார். 1890 இல் நூலாக்கி நகரத்தையே உலுக்கினார். அச்சிறுவர் அவர் சொற்படி உறங்குவதுபோற் கிடந்தனரோ என ஐயுறுவோரும் உளர். ஒருமுறை குருடர் குடியிருந்த வீட்டிலே அப்பொடியால் தீப்பற்றியதை அவரே எழுதியிருக்கின்றார். குறையற்ற மனிதர் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அந்த வெடியொளி ஓர் அறிவித்தல். உறங்கியவன் விழித்தான்; விழித்தவன் ஏசலாம், ஓடலாம், கல்லும் எறியலாம்.

இன்றைய கமராவுக்குப் பொடியும் வேண்டாம், வெடியும் வேண்டாம். கடை வாசலில் எரியும் ஒற்றை விளக்கு போதும். பிள்ளை அறியாது, தாய் அறியாள், அறிந்தவன் எடுத்தவன் ஒருவனே. அறிவித்தல் ஒழிந்த அளவுக்கு எடுப்பவனின் கடமை கூடியிருக்க வேண்டாமா?

அக்கடமை யாதென்பதை லூயிஸ் ஹைன் காட்டினார். 1908 முதல் அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர் தேசியக் குழுவுக்காக அலைந்த ஆசிரியர் அவர். 1912 ஏப்ரல் 17, டைட்டானிக் கப்பல் மூழ்கி இரண்டாம் நாள், வாஷிங்டனில் நள்ளிரவு கடந்தும் விசேட பதிப்புகளை விற்றுநின்ற சிறுவரைப் படம் பிடித்தார். அவருள் இளையவனுக்கு வயது ஒன்பது. இஃது எமக்கு எவ்வாறு தெரியும்? ஹைன் குறித்து வைத்தார்! நாள், வேளை, ஊர், வயது யாவும் படத்தோடு சேர்ந்தன. சான்றென்றால் இதுவன்றோ சான்று!

ஹைனும் வேடமிட்டு ஏமாற்றியவர்தானே என்பார்க்கு ஒரு வார்த்தை. அவர் வேடமிட்டது ஆலைக்காவலைத் தாண்டுதற்கு, பிள்ளையைக் கொள்ளையிடுதற்கன்று. 1916 இல் சட்டம் பிறந்தது. 1918 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 5 க்கு 4 என அதனை வீழ்த்தியது. 1938 வரை மீண்டும் போராட்டம். படங்கள் அவ்வளவு காலமும் சாட்சிக் கூண்டில் நின்றன. இன்று கண்காட்சிச் சுவரிலே தொங்கும் பெயரற்ற பிள்ளை எந்த வழக்கிற் சாட்சி?

சட்டம் காக்கும் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம். நியூயோர்க் வீதியில் மறைவிளக்கு வைத்துத் தன் முகத்தைப் படம் பிடித்து விற்ற கலைஞர்மேல் வயதுவந்த ஒருவர் வழக்கிட்டார். கலையென்று சொல்லி 2006 இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. சட்டத்தரணியை அமர்த்தக்கூடிய மனிதனுக்கே இக்கதி! குழந்தையின் அந்தரங்கத்திற் கைவைக்கலாகாதென்று 1989 ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்புறுதி செய்தது. றீஸும் ஹைனும் நடந்த அமெரிக்காவோ கையொப்பத்தோடு நின்றுவிட்டது.

முன்னே கேட்டால் முகத்தின் இயல்பு கெட்டுவிடும் என்பது அவர்களுடைய கடைசி அரண். நன்று, முன்னே கேட்க வேண்டாம். எடுத்த பின்னர் அருகிற் சென்று, குனிந்து, படத்தைப் பிள்ளைக்கும் அதன் பெரியவர்க்கும் காட்டிக் கேட்கட்டும். மறுத்தால் அங்கேயே அழிக்கட்டும். பிள்ளை உறங்குகின்றதாயின், தனித்துக் கிடக்கின்றதாயின், முதலிற் செய்யவேண்டியது படம் பிடிப்பதுதானா?