இருப்புப்பாதையும் ஊர்ப்பாதையும்

இருப்புப்பாதை என்றால் இரண்டு தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கும் கட்டைகளும்தாம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாதை போடும் பொறியாளரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். இரும்பைப் பற்றி அவருக்குக் கவலை குறைவு. தண்ணீரைப் பற்றித்தான் கவலை அதிகம். நீரில் ஊறிய மண் வலுவிழக்கும். வலுவிழந்த மண்ணின்மேல் எத்துணை உறுதியான தண்டவாளத்தை இட்டாலும் அது அமிழ்ந்தே தீரும். ஆகவே தண்ணீரைத் தேங்கவிடாதே என்பது இருப்புப்பாதைக் கலையின் தலையாய பாடங்களுள் ஒன்று. அந்தப் பாடத்தை நன்கு கற்ற இரயில்வே துறை, தண்டவாளத்துக்குக் கீழே நாம் போய்வரும் பாதைக்கு மட்டும் அதை ஏன் மறந்தது? இதுவே நான் இங்கே எழுப்ப விரும்பும் வினா.

பாடம் பழையது. 1830-இல் திறக்கப்பட்ட லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையைப் போட்ட ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்கு வழியில் சாட் மாஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலம் குறுக்கிட்டது. கொட்டிய மண்ணெல்லாம் சேற்றுக்குள் போயிற்று. அவர் வடிகால் வெட்டினார். செடி கொடிகளையும் பின்னிய மரக்கிளைத் தட்டிகளையும் பரப்பி, பாதையைத் தெப்பம்போல மிதக்கவிட்டார். நம் பக்கத்தில் அப்பாடம் கண்ணீரால் எழுதப்பட்டது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதை இன்றும் மேடைகளில் பேசுகிறோம். வெள்ளத்துக்கு எப்படி வழிவிடுவது என்பதைப் பேசுவோர் குறைவு.

இருப்புப்பாதையின் குறுக்குவெட்டை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். அடியில் மண்கரை. அதன் மேல்மட்டம் தட்டையாக இராது. முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் பக்கவாட்டில் சரித்துவிடுவார்கள். அதன்மேல் ஏறத்தாழ 30 செ.மீ. கனத்துக்குச் சல்லி. சல்லியைப் பற்றி இந்த மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லுடைக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் ஆற்றுக் கூழாங்கல்லை விட்டு உடைத்த கருங்கல்லை ஏன் தேடுகிறார்கள்? உருண்டைக் கல் வழுக்கும். கோணம் கொண்ட கல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கவ்விய பிறகும் இடையில் துளை இருக்கும். அந்தத் துளை வழியே மழைநீர் உடனே இறங்கி ஓடிவிடும். அந்தத் துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் சல்லியைச் சலித்துச் சுத்தம் செய்து மீண்டும் போடுகிறார்கள். சல்லிக்குக்கூட இத்தனை உபசாரம்!

நம் பாதையின் கதைக்கு வருவோம். அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கி 1903-லேயே புகைவண்டியைக் கண்டுவிட்டது. சமஸ்தானத் தலைநகரான புதுக்கோட்டை 1929 வரை காத்திருந்தது. அவ்வாண்டில் திருச்சியிலிருந்து கீரனூர், நார்த்தாமலை வழியாகப் பாதை வந்தது. மறு ஆண்டு திருமயம், காரைக்குடி தாண்டி மானாமதுரையை எட்டியது. தென்னிந்திய இரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. 1870-ஆம் ஆண்டு வாக்கில், சிக்கனம் கருதி மேயோ பிரபு காலத்து ஆட்சியினர் ஒரு மீட்டர் அகலத்தை ஏற்றார்கள். அந்தச் சிக்கனத்தின் வாரிசுகளாக நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தோம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நம் பாதை 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாயிற்று. அறந்தாங்கிப் பக்கம் 2012-இல் வண்டியை நிறுத்தி, 2018-இல்தான் அகலப்பாதையைத் திறந்தார்கள். அந்த ஆறாண்டு அறந்தாங்கியார் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது.

அகலப்பாதை வந்தது, வேகம் வந்தது, வேகத்தோடு ஆபத்தும் வந்தது. ஆளில்லா இரயில்வே கேட்டுகளில் நாடெங்கும் எத்தனையோ உயிர்கள் போயின. அகலப்பாதைகளில் ஆளில்லா கேட்டே இல்லை என்ற நிலையை 2019 ஜனவரிக்குள் இரயில்வே துறை எட்டியது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். சில கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள், சிலவற்றை மூடினார்கள், பல இடங்களில் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். மேம்பாலத்தைவிடச் செலவு குறைவு. வார்த்துவைத்த சிமெண்டுப் பெட்டிகளைச் சில மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு இறக்கிவிடலாம்.

தண்டவாளத்தையே உயர்த்தி ஊர்ப்பாதையைத் தரைமட்டத்தில் விட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அது எளிதன்று. எஃகுச் சக்கரம் எஃகின்மேல் உருள்வதால் பிடிப்பு குறைவு. ஆகவே இரயில் செங்குத்தாக ஏறாது. இருநூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் உயரத்துக்கு இருபுறமும் எண்ணூறு எண்ணூறு மீட்டர் பாதையைத் தூக்க வேண்டும். இரயில் வளைந்து கொடுக்காது. எனவே ஊர்ப்பாதை குனிந்து போகிறது. கரை உயரமாக உள்ள இடத்தில் அப்படிப் போவதில் குற்றமில்லை. கரை தாழ்வான இடத்திலோ தரைக்குக் கீழே பள்ளம் பறித்தாக வேண்டும். பறித்த பள்ளத்தில் தண்ணீர் சேராமல் வேறு என்ன செய்யும்?

2021 செப்டம்பரில் புதுக்கோட்டையை அடுத்த துடையூர்ச் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கி நின்றது. இரவில் காரில் வந்த பெண் மருத்துவர் ஒருவர் அதில் சிக்கி உயிரிழந்தார். ஆற்றிலே அன்று, கடலிலே அன்று, ஊருக்குப் போகும் பாதையில் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். இரயில் மோதி யாரும் சாகக் கூடாது என்று கட்டிய இடம் அது. மழை மிகுதி என்று சொல்லி நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை நமக்குப் புதிதா?

நம் மாவட்டம் கண்மாய்களின் நாடு. பேராறு இல்லாத இச்சீமையில் நம் முன்னோர் பெய்த மழையை ஊருக்கு ஊர் தேக்கினார்கள். மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே கழிந்தால் அது வாரியில் ஓடிக் கீழ்க் கண்மாய்க்குப் போகும். இந்த வரத்து வாரிகளை இருப்புப்பாதை பல இடங்களில் குறுக்கே வெட்டிச் செல்கிறது. பாதை போட்டவர்கள் ஒவ்வொரு வாரிக்கும் மதகு விட்டார்கள். விடாவிட்டால் கரை நிற்காது என்பதை அறிந்திருந்தார்கள். தண்டவாளத்துக்காகக் கணக்கிட்ட அதே நீரைச் சுரங்கப்பாதைக்காகவும் கணக்கிடுவது பொறியாளர்க்கு அரிய காரியமா? இல்லை. சிக்கல் எல்லைக்கல்லில் இருக்கிறது. பெட்டி இரயில்வேயுடையது, அணுகுசாலை ஊராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும், வாரி நீர்வளத் துறையின் ஏட்டிலோ ஒன்றியத்தின் ஏட்டிலோ இருக்கும். தண்ணீருக்கு இந்த ஏடு எதுவும் தெரியாது.

மோட்டார் வைத்து இறைக்கலாமே என்கிறார்கள். மழை கொட்டும் இரவில் முதலில் போவது மின்சாரம்தான். மோட்டார் துணைக்கு இருக்கட்டும். அதையே நம்பியிருக்க முடியாது. சரிவு கிடைக்கும் இடத்தில் சுரங்கப்பாதையின் அடிமட்டத்திலிருந்து கீழ்க் கண்மாய்வரை தானே வடியும் வாய்க்கால் வெட்ட வேண்டும். நுழைவாயிலில் சாலையைச் சற்றே மேடாக்கினால் வயல்நீரும் சாலைநீரும் உள்ளே இறங்காமல் விலகிப் போகும். சரிவான பகுதிக்குக் கூரை போட்டால் நேரே விழும் மழையும் குறையும். சுவரில் பெரிய எழுத்தில் அடிக்கணக்கை எழுதி வைத்தால், இரவில் வருபவர் ஆழம் அறிந்து நின்றுவிடுவார். இதற்கு ஒரு டப்பா வண்ணம் போதும். இவை எவற்றாலும் நீர் வடியாத தாழ்வான இடம் என்றால் அங்கே சுரங்கப்பாதையே கூடாது. மேம்பாலம் கட்டட்டும், அதுவரை கேட்டும் கேட்கீப்பரும் இருக்கட்டும். ஒரு கேட்கீப்பரின் சம்பளம் ஓர் உயிரைவிடக் கூடுதல் என்று கணக்குப் போடும் துறை எதுவும் இருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூருக்கு ஓர் இருப்புப்பாதை வேண்டும் என்று புதுக்கோட்டை மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். நானும் கேட்கிறேன். அப்பாதைக்கு நிலம் அளக்க வரும் பொறியாளர்கள் தங்கள் கருவிகளோடு அந்தந்த ஊர் ஆயக்கட்டுக்காரரையும் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியையும் உடன் அழைத்துச் செல்லட்டும். எந்த வாரியில் கார்த்திகை மாதம் எவ்வளவு உயரம் தண்ணீர் வரும் என்பதை அவர்கள் மரத்தைக் காட்டியே சொல்லிவிடுவார்கள்.