ஈஸா நபி நமக்கு யார்?

சென்ற மாதம் மஃரிபு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு வாலிபர் என்னிடம் கூறினார்: “ஹஜ்ரத், கிறிஸ்தவர்களுக்கு ரோஷமே கிடையாது. ஏசுவை யார் எவ்வளவு இழித்தாலும் வாய்மூடி இருக்கிறார்கள். நாம் அப்படியா?” சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். ‘அவர்கள் பொறுமைசாலிகள், நீங்களோ முரடர்கள்’ என்று இதே பேச்சைத் திருப்பி நம்மை இகழ்வோரும் உளர். இரண்டும் உண்மையன்று.

வாய்மூடியா இருந்தார்கள்? நம் காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தலைநகர் பாரிஸில், 1988 அக்டோபரில், ஏசுவின் இறுதிச் சோதனை பற்றிய படம் ஓடிய அரங்கொன்றுக்குக் கத்தோலிக்கத் தீவிரர்கள் தீ வைத்தனர். படம் பார்த்திருந்தோர் பலர் காயமுற்றனர். பாரிஸ் பேராயரே அக்கொடுஞ்செயலைக் கண்டித்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2006இல் ‘டாவின்சி கோட்’ படம் வந்தது. ஏசு மணமுடித்து வம்சம் விட்டுச் சென்றார் என்பது அதன் கதை. கிறிஸ்தவ அமைப்புகள் கொதித்தன; தமிழக அரசு படத்தைத் தடை செய்தது; அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தடையை நீக்கிற்று. பிறகு இப்பகுதியில் எந்தக் கொட்டகையும் எரிந்ததாக நான் கேள்விப்படவில்லை. என்னை வியக்க வைத்தது வேறொன்று. அக்கதையில் கொடியவர்களாய்ச் சித்திரிக்கப்பட்ட ‘ஓபஸ் தேயி’ என்னும் கத்தோலிக்க அமைப்பினர் தம் கதவுகளைத் திறந்துவைத்து, ‘வந்து பாருங்கள், கேளுங்கள்’ என்றனர். இழிவுரையையே தம்மைப் பற்றிப் பேசும் வாய்ப்பாக்கிக் கொண்டனர். இதையா ரோஷமின்மை என்பது?

நாம் என்ன செய்தோம்? 2010 ஜூலையில் கேரளத்துத் தொடுபுழை அருகே, வினாத்தாளில் நபிகள் நாயகத்தை (ஸல்) இழித்தார் எனக் குற்றம் சாட்டப்பட்ட கல்லூரி ஆசிரியர், மாதாகோயிலிலிருந்து திரும்பும் வழியில் கை வெட்டப்பட்டார். கற்றறிந்த எந்த ஆலிம் அதற்கு ஃபிக்ஹு நூலில் ஆதாரம் காட்டுவார்? 2012 செப்டம்பரில் சென்னை அண்ணாசாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மீது நம்மவர் கல்லெறிந்தனர். எங்கோ எவனோ எடுத்த படத்துக்கு உடைந்தது நம்மூர்க் கண்ணாடி. அந்தப் படத்துக்குத் தமிழில் தக்க மறுப்பொன்றை எத்தனை பேர் எழுதினோம்?

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து ஈஸா நபியைப் (அலை) பற்றி வாதாடினர். அண்ணலார் அவர்களைப் பள்ளிவாசலிலேயே வரவேற்றார்கள். அங்கேயே அவர்கள் தம் வணக்கத்தையும் நிறைவேற்றியதாக ஸீறா நூல்கள் கூறுகின்றன. கொள்கையில் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்காமலே இது நடந்தது.

இன்னொன்றும் உண்டு; இதைச் சொல்ல எனக்கே வெட்கம். ஈஸா நபியை (அலை) நாம் இறைமகன் என்பதில்லை, சிலுவையையும் ஏற்பதில்லை. ஆயினும் அவர்கள் நம் நபி. அவர்களுடைய அன்னை மர்யமின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அப்பெயரை நம் பெண்மக்களுக்குச் சூட்டுகிறோம். அந்த நபிமீது ஆதாரமற்ற கதை கட்டப்பட்டபோது, ‘அது வேளாங்கண்ணிக்காரர் வழக்கு’ என்று ஒதுங்கினோம். மும்பையில் சில முஸ்லிம் அமைப்பினராவது கிறிஸ்தவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தனர். அப்போது நான் மதரஸாவில் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார். “நமக்கேன் அந்த வம்பு, பாடத்தைப் பார்” என்றேன்.