உளவியல் படித்தவர்களுக்குக் கேட்கத் தெரியுமா?

2005 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில், கிழக்குக் கரையோரப் பாடசாலையொன்றில் அமைக்கப்பட்டிருந்த அகதி முகாமுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். வகுப்பறையின் மூலையில், ஆழிப்பேரலைக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயொருவர் அமர்ந்திருந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, அலை வந்தபோது பிள்ளைகள் எங்கே நின்றார்கள், கடைசியாக என்ன சொன்னார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். முதலில் விடை சொன்ன அவர், பின்னர் நடுங்கத் தொடங்கினார். பக்கத்திலிருந்த அவருடைய தமக்கையார் என்னைப் பார்த்து, "தம்பி, விடியலிருந்து இதையே கேக்கிற நாலாவது ஆள் நீங்க. முதல் வந்த ரெண்டு பேர் ஆறுதல் சொல்ல வந்தவங்களாம்" என்றார்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்கு உளவியலையும் ஒரு பாடமாகக் கற்றவன் நான். புரொய்ட் என்றும் பவ்லோவ் என்றும் மாஸ்லோ என்றும் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தி பெற்றவன். அந்தப் படிப்பில் ஒரு வரியேனும் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் அவர்களது பயிற்சி கைகொடுக்கவில்லை என்பதே என்னை நெடுநாள் உறுத்திய விடயம்.

துயரம் நிகழ்ந்தவுடன் பாதிக்கப்பட்டவரை இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லவைத்துவிட்டால் மனப்பாரம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை 1980களிலும் 1990களிலும் பல நாடுகளில் பரவியிருந்தது. இவ்வாறு ஒரேயொரு அமர்வில் பேசவைப்பது பிற்கால உளப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று 2002 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு எச்சரித்திருந்தது. ஆழிப்பேரலையோ 2004 டிசம்பரில் வந்தது. எச்சரிக்கை ஏடுகளில் இருந்தது. முகாம்களுக்கு அது வந்து சேரவில்லை. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் ஏனைய அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட களப்பணியாளர் கைநூல், உளவியல் முதலுதவியை மூன்று சொற்களில் அடக்கியது: பார், கேள், இணை. பேச விரும்பாதவரைப் பேசுமாறு வற்புறுத்தாதே என்பது அதன் அடிப்படைப் பாடம்.

அப்படியானால் பேச்சால் பயனே இல்லையா? உண்டு. அதே 2005 ஜனவரியில் வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், உளநெருக்கீட்டுக்கு உள்ளான 31 பிள்ளைகளை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்குத் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்குபடுத்திச் சொல்லும் சிகிச்சையும், மறு பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகளாக அளிக்கப்பட்டன. அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதங்களின் பின் முதற் பிரிவில் 81 வீதமானோரும் மறு பிரிவில் 71 வீதமானோரும் மீண்டிருந்தனர் என 2009 இல் அந்த ஆய்வு வெளியானது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சிகிச்சை பெறாத பிள்ளைகளும் அதில் இருக்கவில்லை. எனினும் முறையாகப் பயிற்றப்பட்டால் நம்மவர்களே இந்தப் பணியைச் செய்யலாம் என்ற நம்பிக்கையை அது எனக்குத் தந்தது.

அந்த நம்பிக்கையில், ஐம்பது வயதைக் கடந்தபின் வார இறுதி டிப்ளோமா வகுப்பொன்றில் மாணவனாகச் சேர்ந்தேன். ஆசிரியர்கள், கிராம உத்தியோகத்தர்கள், மாதர் சங்கப் பணியாளர்கள் எனப் பலர் உடன் படித்தார்கள். தண்டனை பற்றிய ஸ்கின்னரின் கருத்தை எங்களுள் மிக நன்றாக எழுதியவர் இருபது வருட சேவையுடைய ஓர் ஆசிரியர். தண்டிப்பவர் நிற்கும் வரையே தண்டனை ஒரு செயலை அடக்கும்; அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்பிக்காது என்பதே அக்கருத்து. தேநீர் இடைவேளையில் அவரிடம், திங்கட்கிழமை வகுப்புக்குப் பிரம்பு கொண்டு போவீர்களா என்று கேட்டேன். "அடியாத மாடு படியாது, அண்ணை" என்று சிரித்தார். உடல் தண்டனையைத் தடை செய்து கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுற்றறிக்கையும் பாடமும் ஒருவரது கைப்பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை. அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள் இரையும் வகுப்பைப் பிரம்பின்றி எப்படி அமைதிப்படுத்துவது என்று அந்த வகுப்பில் எவரும் அவருக்குச் செய்து காட்டவில்லை.

கற்பித்தலுக்கு உண்மையில் பயன்படக்கூடியவை எளியவை. 2006 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட சோதனையில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தின் பின்னரோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நமது ரியூட்டரிகளில் நோட்ஸ்களைத் திருப்பித் திருப்பி வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டாமா? பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொப்பியை மூடச் சொல்லி, நினைவில் நிற்பதை எழுதவைக்க ஒரு சதமும் செலவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு முழு நாள் சொல்லித்தரப்பட்டதோ, பிள்ளைகளைப் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் எனப் பிரித்துக் கற்பிக்கும் வித்தை. அப்படிப் பிரிப்பதால் பயனுண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008 இலேயே உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள்.

சமூகப் பணியில் இதைவிடக் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றுக்கிடையிலான நம்பிக்கையையும் சிதைத்ததைக் கூட்டு மனவடு என்ற நோக்கில் எழுதிவந்தவர். ஊரே காயப்பட்டிருக்கையில் மேசைக்கு இருபுறமும் இருவர் அமர்ந்து பேசுவது மட்டும் போதாது. செத்த வீட்டுச் சடங்கும் கோயில் திருவிழாவும் மாதர் சங்கக் கூட்டமும் அங்கே மருந்தின் ஒரு பங்கு. அதேவேளை, 'விசர்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாதிருப்பவர்கள் எத்தனை பேர்! தன்னால் இயலாததை அறிந்து, உரிய வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், கேட்டதை ஊருக்குள் கசியவிடாதிருப்பதும் பணியாளரின் முதற் கடமைகள்.

ஆகவே எனது கோரிக்கை இதுதான். இத்தகைய பாடநெறிகளில் பாதி நேரமாவது, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வகுப்பறையிலும் கிராமத்திலும் செய்யும் பயிற்சியாக அமையவேண்டும். ஒருவர் என்ன எழுதினார் என்பதோடு, இன்னொருவர் பேசும்போது எப்படிக் கேட்டார் என்பதற்கும் புள்ளி வழங்கப்படவேண்டும். இரண்டு வார இறுதியில் சான்றிதழ் கொடுத்து ஆட்களை அனுப்புவது, நீச்சலைப் பற்றி வாசித்தவரைக் கடலில் இறக்குவதற்கு ஒப்பானது.

அந்தத் தாயின் கதையை நான் செய்தியாக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த கிழமை போனபோது முகாம் இடம் மாறியிருந்தது. இன்று துயர வீடுகளுக்குச் செல்லும்போது குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "சாப்பிட்டீர்களா? பேச விருப்பமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் விருப்பமில்லை என்கிறார்கள். அவர்களோடு சற்றுநேரம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன்.