எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பொதுமக்கள் அனைவருக்கும், இப்பகுதி மூத்த குடிமக்களாகிய நாங்கள் எழுதிக்கொள்வது.

எங்களில் சிங்காநல்லூர், பீளமேடு பஞ்சாலைகளில் உழைத்து ஓய்ந்தவர்கள் இருக்கிறோம். பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு பார்ப்பவர்கள், அன்னூர்ப் பக்கம் இன்றைக்கும் விடிகாலையில் எழுந்து மாடு கறப்பவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகனுக்கும் மருமகளுக்கும் சோறாக்கிக் கொடுத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று பலரும் இருக்கிறோம். எல்லோருக்கும் அறுபது கடந்துவிட்டது. கொரோனாவைத் தாண்டி வந்துவிட்டோம். எங்களோடு வளர்ந்தவர்கள் பலர் தாண்டவில்லை. அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 38 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நோய் அதிகம் கொண்டுபோனது எங்கள் வயதினரைத்தான். அரசு போட்ட கட்டுப்பாடுகளும் எங்களைக் காப்பாற்றுவதற்கென்றே சொல்லப்பட்டன. ஆனால் அவற்றைப் பற்றி நாங்கள் என்ன நினைத்தோம் என்று அப்போதும் யாரும் எங்களிடம் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். அந்த ஆண்டுகளில் அரசு செய்தவற்றில் எது உதவியது, எது காயப்படுத்தியது என்று வயதானவர்களிடம் ஊர் ஊராகக் கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கு இன்னும் நினைவு இருக்கிறது. இன்னும் பத்து வருடம் போனால் சொல்ல ஆள் இருக்காது.

இந்த ஊருக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்ப வாட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே தோட்டங்காடுகளில் குடிசை போட்டுத் தங்கிய கதையை எங்கள் அப்பாருமார் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதன் அடையாளமாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் கோவையில் நிற்கின்றன. பம்பாய்ப் பிளேக்கின்போது வெள்ளைக்காரன் 1897இல் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டமும் நிற்கிறது. 2020இல் அதே சட்டத்தையும் நம் மீது எடுத்துப் பிரயோகித்தார்கள். ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது நம் முன்னோர் என்ன பட்டார்கள், எந்த அதிகாரி நல்லபடியாக நடந்துகொண்டார், யார் அடித்து விரட்டினார் என்ற பேச்சு எதுவும் எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. சட்டம் மிஞ்சியது, அதற்கு உட்பட்டவர்களின் சொல் மிஞ்சவில்லை. அந்த நிலை எங்கள் தலைமுறைக்கும் வரக் கூடாது.

நாங்கள் பேசுவது கட்சிப் பேச்சு அல்ல. முதல் அலையின்போது எடப்பாடி கே. பழனிசாமி முதல்வர், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது மு.க. ஸ்டாலின் முதல்வர். ஒன்றிய அரசின் முடிவுகளும் கலந்தே வந்தன. நல்லது கெட்டது எல்லோர் கணக்கிலும் இருக்கிறது. எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. 2020 மார்ச் 25 முதல் நாட்டையே அடைத்தார்களே, அதுதான் எங்கள் உயிரைக் காத்தது என்று சொல்கிறவர்கள் எங்களில் உண்டு. நோயைவிடத் தனிமைதான் கொன்றது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கூட்டுக்குடும்பத்தில் இருந்தவருக்கு ஊரடங்கு ஒரு மாதிரி, பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாகக் கிடந்தவருக்கு வேறு மாதிரி.

தளர்வுகள் வரத் தொடங்கியபோதும், 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற வரி அறிவிப்புகளில் தொடர்ந்து வந்தது. அக்கறையோடு எழுதிய வரிதான். ஆனால் வெளியே போகாதவருக்கு மாத்திரை யார் வாங்கித் தருவது, பேங்கில் பணம் யார் எடுத்துத் தருவது என்று அடுத்த வரி எழுதப்படவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினம் மாத்திரை விழுங்குகிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, மாத்திரை தீர்ந்த பிறகு பாதியாக உடைத்து ஒரு வேளை விட்டு ஒரு வேளை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பையன் தற்செயலாகக் காலி அட்டையைப் பார்த்துவிட்டு, சைக்கிளில் போய் வாங்கி வந்து கொடுத்தான். அந்தப் பையனைப் போல ஓர் ஆள் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டியிருந்தது. வீட்டில் இருங்கள் என்று சொல்வதில் பாதி வேலைதான் முடிகிறது.

வீட்டில் உட்கார வேண்டியவர்கள் என்று எங்களை ஒரேயடியாக ஒதுக்கியதிலும் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில், ஊரடங்கு நாட்களிலும் விலையேற்றாமல் 1 ரூபாய்க்கே இட்லி விற்றுப் பசியாற்றிய பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். காக்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆனால் அடுத்தவரைக் காப்பாற்றவும் எங்களால் முடியும்.

சரியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம், நாமக்கல் ஆகிய 7 மாவட்டங்களையும் முதல் மண்டலமாக்கி, அதற்குள் இ-பாஸ் இல்லாமல் போய்வரலாம் என்றார்கள். கொடுத்த இடமும் எடுத்த இடமும் இந்த ஏழுக்குள்தானே நமக்கு இருக்கின்றன? உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்கக் காங்கேயத்துக்கும், கேதத்துக்குத் திருச்செங்கோட்டுக்கும் போக முடிந்தது. அந்த மாதக் கடைசியிலேயே மாவட்ட எல்லைகளை மறுபடி அடைத்துவிட்டார்கள். மூத்தவர்களிடம் கேட்டிருந்தால், மண்டல ஏற்பாட்டை எப்படி நீட்டிக்கலாம் என்று நாங்கள் யோசனை சொல்லியிருப்போம்.

தகரம் அடித்ததைப் பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. தொற்று கண்ட வீட்டின் வாசலில் தகரத் தடுப்பு வைத்து, கதவில் அறிவிப்பு ஒட்டி, தெருவே எட்டிப் பார்க்கும்படி செய்தார்கள். நோய் பரவாமல் தடுப்பது நோக்கம். நடந்தது வேறு. தகரம் வந்துவிடும் என்று பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருந்தார்கள். சளிதான், சுக்குக் கசாயம் குடித்தால் போய்விடும் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். மானம் மரியாதையே பெரிது என்று வாழும் ஊர் இது. இந்த ஊரின் மனசு தெரிந்த ஒரு பெரியவரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், தகரம் வேண்டாம், காய்ச்சல் பார்க்க வீடு வீடாக வரும் பெண்களை இன்னும் கூட்டுங்கள் என்று சொல்லியிருப்பார்.

2021 மே மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. மாதக் கடைசியில் அன்றாடத் தொற்றுக் கணக்கில் கோவை சென்னையையே தாண்டியது. ஒரு நாளைக்கு நாலாயிரத்துக்கும் மேல். மே 30ஆம் தேதி முதல்வர் பாதுகாப்புக் கவச உடை அணிந்து, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் சென்று நோயாளிகளைப் பார்த்தார். அது எங்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று சொல்கிறவர்கள் எங்களில் அதிகம். ஜூன் 7 முதல் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோது, தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு மட்டும் குறைவான தளர்வே கிடைத்தது. முதல் மண்டலமாக இருந்த நம் ஏழும் அந்தப் பதினொன்றில் அடங்கின.

அந்த நாட்களில் பேரூர்ப் பக்கம் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். கூட ஒருவரும் வரக் கூடாது என்றார்கள். அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு மகன் போனில் காட்டிய மயானக் காட்சிதான். நோய் பரவும் என்பது அந்த அம்மாவுக்குப் புரிகிறது. அவர் யாரையும் திட்டவில்லை. தூரத்தில் நிற்க வைத்தாவது ஐந்து நிமிடம் முகத்தைக் காட்டியிருக்கலாம், கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றாவது பேச விட்டிருக்கலாம் என்பதே அவர் கருத்து. அடுத்த கொள்ளைநோய்க்கு விதிமுறை எழுதப்போகும் அதிகாரியின் மேசையில் முதலில் இருக்க வேண்டிய கருத்து இது.

தடுப்பூசி 2021 மார்ச் 1ஆம் தேதி எங்கள் வயதினருக்குத் திறந்துவிடப்பட்டது. பதிவு செய்யக் கோவின் இணையதளம், அதற்கு ஓ.டி.பி. எங்களில் பாதிப் பேர் கையில் இருந்தது பட்டன் போன். தளத்தில் தமிழ் வரவே ஜூன் ஆகிவிட்டது. நேரில் போனால் டோக்கன், டோக்கனுக்கு விடிவதற்கு முன்பே வரிசை. இதெல்லாம் மாறியது, செப்டம்பர் 12ஆம் தேதி தொடங்கிய மெகா முகாம்களில். ஓட்டுப் போடப் போவதைப் போல, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினோம். அதற்கு முன்னால் ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வந்தன. ரேஷன் பொருளை மூத்தவர்களின் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்றுமே நல்ல காரியங்கள், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் முன்கூட்டியே எங்களைக் கேட்டிருந்தால் இதே மூன்றைத்தான் சொல்லியிருப்போம்.

இன்னொன்று, சுருக்கமாக. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20ஆம் தேதி மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் கிடைத்துவந்தது. கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்தது. ரயிலில் கூட்டமும் திரும்பிவிட்டது, சலுகை திரும்பவில்லை. கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கும் மகளைப் பார்க்கச் சென்னைக்கும் போகிறவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். ஸ்வீடனில் அமைத்த கொரோனா ஆணையம் 2020 டிசம்பரிலேயே, முதியோரைக் காப்பதில் நாடு தவறிவிட்டது என்று வெளிப்படையாக அறிக்கை கொடுத்தது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஹேலட் தலைமையில் விசாரணை வைத்தார்கள். சாதாரண மக்களின் அனுபவங்களைக் கேட்டுத் தொகுக்க அதில் தனி ஏற்பாடே இருந்தது. நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. தனியாக வாழும் முதியோருக்கு மருந்தும் தேவையான பொருளும் சேர வேண்டும், அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2021 மார்ச்சில் அந்த முன்னுரிமையைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் விரித்தது. ஆனால் மே மாதம் படுக்கைக்காக மருத்துவமனை வாசலில் காத்துக்கிடந்தபோது அப்படி ஓர் உத்தரவு இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்போம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். அக்டோபர் 1 உலக முதியோர் நாள், மறுநாள் காந்தி ஜெயந்தியன்று கிராம சபை. அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். கொரோனா காலத்தில் நடந்ததைப் பேசவிட்டு, பேசுவதை எழுதி, தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மாநகராட்சியில் இருப்பவர்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இதைச் செய்யலாம். நடக்க முடியாதவர்களிடம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் உங்கள் அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்முச்சியிடம் உட்கார்ந்து, அவர்கள் பேச்சை அவர்கள் சொன்னபடியே போனில் பதிவு செய்து கொடுத்தாலே பெரிய உதவி. பாராட்டையும் எழுதுங்கள், குறையையும் எழுதுங்கள், எதையும் மெழுகாதீர்கள்.

ஊரில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்றும் தயாராக வேண்டும். அடுத்த முறை மாத்திரை தீர்ந்த வீட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பட்டியலை நோட்டீஸ் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டுவிடாதீர்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்திலும், அடுத்த ஆண்டு சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர், வி.ஏ.ஓ., காவல் நிலையம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் அது இருக்கட்டும்.

மாவட்ட அளவில் பேரிடர்த் திட்டம் எழுதும் குழுக்களில் மூத்த குடிமக்களில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் எழுதிக் கேளுங்கள். ரயில் சலுகையையும் அதே கடிதத்தில் கேளுங்கள். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நாளைக்கு இந்தக் கணக்கில் நீங்களும் வருவீர்கள்.

யாருக்கேனும் உதவி வேண்டுமானால் முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை. இந்த எண்ணை இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர் போனில் பதிந்து கொடுங்கள், அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் தொடங்குங்கள்.